அண்ணனின் மடிப்புக் கேமராவும் என் கன்னத்து மச்சமும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்குத் தங்கைகளில் ஒருவர் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். என் தங்கை எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவாள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள். உயர்த்தி எழுத வராது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அண்ணனுக்கும் அதுதான் பிடிக்கும். அட்டையில் உள்ள படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், அப்பாவின் இரண்டு தறிகளும் நாங்களும் ஒரே கூடத்தில் இருந்த வீட்டில். அவருக்கு ஏழு வயது இளையவள் நான். எனக்கு இரண்டு வயது இளையவள் தங்கை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் அண்ணனுக்கு வலது கால் சூம்பிப்போனது. தறிக்குழியில் உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிக்க அந்தக் காலால் ஆகாது. நெசவாளர் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை தறியில் உட்கார முடியாது என்றால் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று உறவினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் யாரிடமும் குறை சொல்லாமல், கட்டம் போட்ட தாளை வாங்கிவந்து கூடத்தின் மூலையில் உட்கார்ந்து மயில் வரைய ஆரம்பித்தார்.

புடவைக்கு டிசைன் வரைவதும், அந்த டிசைன்படி ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவதும் அவர் தொழிலாயின. தறிக்கு மேலே கோத்துத் தொங்கும் இந்த அட்டைகளின் துளைகள்தான் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரு துளை இடம் மாறினால் அந்தப் பிழை பார்டர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். நெய்பவர் பாதிப் புடவையில் எழுந்து ஓடிவருவார்.

அண்ணனின் ஒரு குணத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்த தவறை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. “உங்க தறியப் பாருங்கபா. என் அட்டையில ஒண்ணும் இல்ல” என்பார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் டிசைன் தாளை எடுத்து விளக்கடியில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார். பிறகு புதிதாக ஓர் அட்டை அடித்து என் கையில் கொடுப்பார். “இதப் போட்டுப் பாக்கச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத.” நானும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறொன்றும் சொல்லாமல் வருவேன். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். புது அட்டை வந்தால் அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேமரா அவருக்கு இருபத்திரண்டு வயதில் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் நெல் வியாபாரம் செய்த ஜைனப் பெரியவர் ஒருவர், தம் வீட்டுத் திருமணப் புடவைக்குப் பழைய புடவை ஒன்றின் அன்னத்தை வரைந்து தரச் சொல்லி அண்ணனை அழைத்திருந்தார். அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில், தோல் போர்த்திய பழைய டிபன் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று இருந்தது. பெரியவரின் மைத்துனர் சென்னையில் யாரோ வெளிநாட்டுக்காரரிடமிருந்து வாங்கிவந்ததாம். ஜெர்மனியில் செய்தது என்று பொறித்திருந்தது.

“கேமரான்னு சொன்னாரு. எங்க தொறக்கறதுன்னே தெரியல. ரெண்டு வருஷமா மூடிக்கினே கெடக்குது” என்றார் பெரியவர்.

அண்ணன் அதை வாங்கி விளிம்பு முழுவதும் கட்டைவிரலால் தடவினார். ஓர் இடத்தில் அழுத்தினார். முன்பக்கக் கதவு தானாகத் திறந்து, விசிறி மடிப்பாக மடித்த கறுப்புத் துருத்தி விரிந்து, அதன் முனையில் லென்ஸ் வந்து நின்றது. பெரியவர் ஒரு அடி பின்னால் போனாராம். பிறகு சிரித்து, “நீயே வச்சிக்கபா. வருஷா வருஷம் வந்து எங்களை ஒரு படம் எடுத்துக் குடு, போதும்” என்றார். அவர் இருந்தவரைக்கும் அண்ணன் வருடம் தவறாமல் போய் எடுத்துக் கொடுத்தார். இந்த மலரை வாங்க அந்தக் குடும்பத்தினரும் வருகிறார்கள்.

ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். முதுகில் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன வட்டத் துளை. அதில் எண் தெரியும்வரை திருகியைச் சுற்ற வேண்டும். தூரத்தைக் கேமரா தானாகக் கண்டுகொள்ளாது, நாம்தான் அளந்து லென்ஸின் வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அண்ணன் பாவு நூலில் ஒரு துண்டை எடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒன்றரைக்கு இரண்டு முடிச்சு என்று போட்டு வைத்திருந்தார். நூலின் ஒரு முனையை நாம் தாடையில் வைத்துப் பிடிக்க வேண்டும். மறுமுனை அவர் கையில். அளந்ததும் “உடு” என்பார். நூலை விட்டுவிட்டு மூச்சு விடாமல் உட்கார வேண்டும். துருத்தியில் ஊசித்துளை விழுந்து வெளிச்சம் புகுந்தபோது, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் கறுப்புத் துணி வைத்து அடைத்தார். அந்த ஒட்டு இன்றும் இருக்கிறது.

அவர் முதலில் மனிதர்களை எடுக்கவில்லை. கோயில் மண்டபத் தூண்களில் உள்ள யாளி, குதிரை, கொடி, கிளி ஆகியவற்றை டிசைனுக்காக எடுத்தார். நூல் மூட்டைகள் கிடந்த அறையில் கம்பளியால் கதவை மூடி, சிவப்பு பல்பு போட்டு, நெகட்டிவிலிருந்து தாளில் அவரே படம் போடுவார். பட்டுப்புடவையில் மயிலும் கிளியும் பெரும்பாலும் ஜோடியாக, ஒன்றை ஒன்று பார்த்தபடிதான் நிற்கும். அதனால் ஒவ்வொரு நெகட்டிவையும் நேராக வைத்து ஒரு படமும், திருப்பி வைத்து ஒரு படமும் போடுவார். திருப்பினால் இடம் வலமாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜோடி கிடைத்துவிடும், வரைவது சுலபம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவு செய்யும் குடும்பம் ஒன்று, பெண்ணின் போட்டோ வேண்டும் என்று கேட்டது. அண்ணன் என்னை உட்காரவைத்து, நூலைத் தாடையில் பிடிக்கச் சொல்லி, சற்றுப் பக்கவாட்டில் திரும்பிய முகமாக ஒரு படம் எடுத்தார். அம்மா முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தார். தோள்வரைதான் படம். அண்ணன் அன்று பழக்க தோஷத்தில் என் நெகட்டிவையும் நேராக ஒன்று, திருப்பி ஒன்று என்று இரண்டாகப் போட்டுக் கொடியில் காயவிட்டார். அம்மா காய்ந்திருந்ததை எடுத்து உறையில் போட்டுத் தரகரிடம் கொடுத்தார். அம்மா எடுத்தது திருப்பிப் போட்ட படம்.

என் இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம் உண்டு. அந்தப் படத்தில் அது வலது கன்னத்துக்குப் போய்விட்டது. எனக்கும் அது தெரியவில்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகமாகவே இருந்ததால் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள். பெண் பார்க்கும் நாளில் தங்கையை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, வருகிறவர்கள் இளையவளைக் கேட்டுவிடுவார்கள் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம். என் தங்கையைத் தென்னேரியில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார், மடியிலிருந்த போட்டோவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“இன்னாங்க இது? போட்டோவுல மச்சம் வலது கன்னத்துல இருக்குது. இந்தப் பொண்ணுக்கு எடது கன்னத்துல இருக்குது.”

அவர் அடுத்துக் கேட்டார்: “ஒங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னு சொன்னாங்களே, இன்னொண்ணு எங்க?”

“தென்னேரிக்குப் போயிருக்குதுமா, அத்த ஊட்டுக்கு” என்றார் அம்மா.

“ஓகோ. போட்டோவுக்கு ஒண்ணு, உக்கார வைக்க ஒண்ணா?”

அண்ணன் கதவருகே நின்றிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஜெர்மன் கேமராங்க அது. உள்ள போற வெளிச்சம் தலகீழாத்தான் விழும். சில நேரம் இந்த மாதிரி ஆயிடும்.”

தாய்மாமன் கேட்டார்: “அப்ப என்னை எடுத்தா எனக்கு மீசை நெத்தியில வருமா?”

வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கேசரித் தட்டுகள் வைத்தபடியே இருந்தன.

அதற்கடுத்த மூன்று நாட்களை நான் மறக்கவில்லை. ஆளை மாற்றிக் காட்டிய வீடு என்று பெயர் வந்தால் எனக்கு மட்டுமில்லை, தங்கைக்கும் ஒருவரும் வரமாட்டார்கள். மறுநாளே பால் வாங்கப் போன இடத்தில் அம்மாவிடம் விசாரித்தார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இத்தனை வயதில் சொல்லிவிடுவதில் தவறில்லை. அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் சோறு போட்டேன்.

என்ன நடந்தது என்று அன்று மாலையே வீட்டில் தெரிந்துவிட்டது. நேராகப் போட்ட படம் அறையிலேயே இருந்தது. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஈரம் காஞ்சத எடுத்தேன். எது எதுன்னு எனக்குத் தெரியாதேபா.” அப்பா அண்ணனிடம் சொன்னார்: “போயி, ஊட்ல பொம்பள தெரியாம மாத்தி எடுத்துக் குடுத்துட்டான்னு சொல்லிட்டு வா. முடிஞ்சிது.” அம்மாவும் அதற்குத் தலையாட்டினார். அண்ணன் அறைக்குள் போனார். இரண்டு நாட்கள் அட்டை அடித்துக்கொண்டே இருந்தார். அண்ணன் வழக்கம்போல யார் கையிலாவது சரியான படத்தைக் கொடுத்தனுப்பி, வேறொன்றும் சொல்லாதே என்பார், அதோடு என் கல்யாணமும் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துணிப்பையில் கேமரா, நெகட்டிவ், இரண்டு படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தனியாகச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை என் கணவர் எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு முறையும் சொன்னதில்லை.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தறிக்குழியில் இருந்தார். தாய்மாமனும் தெரு ஆட்கள் நான்கைந்து பேரும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணனை உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே, சூம்பிய காலைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

“தப்பு என்னுது. கேமரா மேல பழி போட்டேன், அதுவும் தப்பு. எங்கம்மா எடுத்துக் குடுத்தாங்க, ஆனா ரெண்டு மாதிரி போட்டு ஒண்ணாக் காய வச்சவன் நான். அவங்க மேல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது.”

பிறகு இரண்டு படங்களையும் எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விளங்கவைக்கத்தான் வைத்தார். ஆனால் படங்களில் நான் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தேன். ஒன்றில் இந்தப் பக்கம், ஒன்றில் அந்தப் பக்கம்.

“அதான் சொன்னேனே, ரெண்டு பொண்ணு!” என்று அந்த அம்மா கத்தினார். “இதோ பாருங்க, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்குதுங்க!”

தறி நின்றது. மாப்பிள்ளை குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நெகட்டிவைக் கொடுங்கள் என்று கேட்டார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு படத்தோடு வைத்துப் பார்த்தார். நெகட்டிவைத் திருப்பி மறு படத்தோடு வைத்துப் பார்த்தார்.

“பொண்ணு மாறலம்மா, படம்தான் திரும்பிக்கிச்சு. அட்டைய திருப்பிக் கோத்தா நம்ம மயிலு அந்தாண்ட பாக்காதா? அதே கததான்” என்றார்.

அந்த வீட்டில் எல்லாரும் நெய்பவர்கள். அட்டைக் கதை சொன்னதும் புரிந்துவிட்டது. தாய்மாமன் மட்டும் கேமராவை வாங்கித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னாராம். அண்ணன் எடுத்தார். மீசை அதன் இடத்தில்தான் வந்தது.

மறுபடியும் பெண் பார்க்க வந்தார்கள். இந்த முறை என் தங்கையும் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். என் மாமியார் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, தங்கையின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “சின்னதுக்கு மச்சமே இல்ல” என்று சொல்லிவிட்டுக் கேசரியைக் கையில் எடுத்தார். எனக்குத் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்கும் நடந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் தமக்குத் திருமணம் செய்துகொண்டார். அதுவரை யார் பேசினாலும் தங்கைகள் போகட்டும் என்பதற்கு மேல் பேசமாட்டார்.

அதன்பிறகு அண்ணன் அட்டைப் பிழைகளை ஒப்புக்கொள்ளத் தொடங்கினாரா என்றால், இல்லை. கடைசிவரை “உங்க தறியப் பாருங்கபா”தான். ஆனால் மனிதர்களைத் திருப்பிப் போடுவதை விட்டுவிட்டார். எந்த முகப்படம் போட்டாலும் பின்னால் பென்சிலால் ‘நேர்’ என்று எழுதுவார். பிள்ளையார்பாளையத்தில் பல வீட்டுச் சுவர்ப் படங்களைக் கழற்றிப் பார்த்தால் அந்த எழுத்து இருக்கும்.

டிசைன் வரைவது கணினிக்குப் போனபோது, ஐம்பது வயதைத் தாண்டியிருந்த அண்ணன் அதையும் கற்றுக்கொண்டார். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் மயில் திரும்பிவிடுகிறது என்று என்னிடம் ஒருநாள் வியந்து சொன்னார். பிலிம் சுருள் ஊரில் கிடைக்காமல் போனபிறகு கேமரா அலமாரிக்குப் போயிற்று. ஆனாலும் துருத்தி ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று மாதம் ஒருமுறை எடுத்துத் திறந்து, துடைத்து, மூடி வைப்பார். பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபிறகு, தம் மகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணி ஏழு மாதங்கள் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். வேதனைப்படவில்லை என்று மருத்துவர் சொன்னார்.

அந்த ஏழு மாதங்களில் வாரம் இருமுறை வீட்டுக்கே வந்து கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்த இளைஞருக்கும், இறுதி நாளில் தறிகளை நிறுத்திவிட்டு வந்து நின்ற தெருவாருக்கும், பந்தல் முதல் சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும், தென்னேரி அத்தை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. துக்கத்தில் யாரையாவது சரியாக வரவேற்காமல் விட்டிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அட்டைப்படம். அது அதே கேமராவில் நான் எடுத்தது. தங்கையின் திருமணத்துக்கு மறுநாள், சுருளில் ஒரு படம் மீதமிருந்தது. “நீ எடு” என்று அண்ணன் என்னிடம் கொடுத்தார். நூலின் முனையை அவர் தாடையில் பிடித்தார், நான் முடிச்சைப் பார்த்து வளையத்தைத் திருப்பினேன். “உடு” என்று சொல்ல மறந்துவிட்டேன். படத்தில் அவர் விரல்களுக்கு நடுவே மெல்லிய கோடு தெரிகிறதே, அது கீறல் இல்லை, நூல்.

இந்த மலரின் அட்டை முதலில் அச்சாகி வந்தது. உள்பக்கங்கள் அச்சேறக் காத்திருந்தன. கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்த என் கணவர், “மச்சான் பேனாவ எந்தப் பக்கப் பையில வெப்பாரு?” என்று கேட்டார்.

“எடப்பக்கம்தான்” என்றேன்.

அட்டையைக் காட்டினார். பேனா வலப்பக்கம் இருந்தது. கைக்கடிகாரமும் வலது கையில் இருந்தது. “இன்னாமா, மச்சானையும் திருப்பிட்டீங்களா?”

நான் யோசிக்காமல் சொன்னேன்: “ஸ்கேன் பண்ண மெஷின் அப்படி.”

“ஜெர்மன் மெஷினா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அண்ணன் இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

வேறு அட்டை அடித்துவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நெகட்டிவை ஸ்கேன் செய்தது யார், அச்சகத்துக்கு அனுப்பியது யார் என்று வந்திருப்பவர்கள் யாரும் கேட்க வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் படம் என் போனுக்கு வந்தது. நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன், பையைப் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது, போடுங்கள் என்று சொன்னவள் நான். தப்பு என்னுது.